பாலன் குடிலுக்குப் போட்ட மணல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் சந்தில், அக்காவின் புருசன் பழைய லொறி பட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை இரும்புச் சட்டியில் உருக்கி, மீன் வலைகளுக்குக் குண்டு வார்ப்பார். மணல் நிரப்பிய பெட்டியில் குழி பதித்து ஈயத்தை ஊற்றுவது என் வேலை. எட்டாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவராமல் போனதில் கிடைத்த பதவி. சமையலும் உருக்கலும் ஒரே குசினியில். அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. மாமா, பால், லொறி என்று மூன்று சொல் சொல்வான். மூன்றாவதை நான்தான் பழக்கினேன்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், கிளினிக்கில் வேலை செய்யும் மிஸ் ஒருவர் மாதா கோயில் மண்டபத்தில் எங்களை உட்கார வைத்துப் படங்கள் காட்டினார். வெள்ளவத்தையிலிருந்து வருபவர், யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"பிள்ளையள் இருக்கிற வீட்டில ஈயம் உருக்கக் கூடாது. அந்தப் புகை ரத்தத்தில போய் நிக்கும், மூளையைப் பழுதாக்கும். ஆளைப் பார்த்தா ஒண்டும் தெரியாது. ரத்தம் சோதிச்சாத்தான் தெரியும்."

நான் பின்வரிசையிலிருந்து அவருடைய குரலிலேயே கேட்டேன். "மிஸ், அப்ப எங்கட அத்தானைக் கடலுக்க போட்டா நங்கூரம் மாதிரி நிப்பாரோ?"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்க மிஸ் சொன்னார்: "தம்பி, பகிடியைப் பிறகு விடலாம். இதைக் கேளுங்கோ."

"கேக்கிறன் மிஸ். ஈயம் ஏறினா கிளினிக் தராசில பிள்ளை நிறை கூடக் காட்டுமே, நல்லதுதானே?"

ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்க, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேசையடியில் நின்ற அக்காவும் சிரித்துவிட்டாள். "உன்ட தம்பி இருக்கிற வரைக்கும் ஒண்டும் நடக்காது, வா போவம்" என்று பக்கத்து வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா பெயர் கொடுக்காமலே போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் எழும்பிப் போனார்கள். மிஸ் படங்களைச் சுருட்டினார். அன்றைக்கு என்னை யாராலும் பிடிக்க முடியாது என்று நினைத்தேன்.

ஆனால் 'புகை' என்ற சொல் அத்தானின் மண்டைக்குள் போய்விட்டது. மறுநாளே அடுப்பைத் தூக்கிச் சந்தின் கோடியில், கழிவுநீர்க் கானோரம் வைத்தார். "வீட்டுக்குள்ள இப்ப புகை இல்ல. மிஸ் சொன்னதச் செஞ்சாச்சு" என்றார். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

நத்தார் வந்தது. வீட்டு வாசலில் இயேசு பிறப்புக்குப் பாலன் குடில் கட்டுவது ஒவ்வொரு வருசமும் என் பொறுப்பு. மூன்று ராஜாக்களின் ஒட்டகங்கள் நடக்கப் பாலைவனம் வேண்டும். வார்ப்புப் பெட்டி மணல் கறுத்து, துகள் துகளாக மினுங்கியது. இதைவிட அழகான மணல் கொழும்பில் கிடையாது என்று இரண்டு வாளி அள்ளிப் பரப்பினேன். சந்தே வந்து பார்த்தது. மருமகன் நாள் முழுக்க அதில்தான் இருந்தான். ஒட்டகத்தை நடக்க வைப்பான், மணலை வாயில் வைப்பான். எல்லாப் பிள்ளைகளும் மண் தின்பதுதானே என்று விட்டோம். குடிலைக் கழற்றிய பிறகும் மணலை வாசலோரம் குவித்து வைத்தேன், அவன் விளையாடட்டுமென்று.

அடுத்த மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினான். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். சாப்பாடு நின்றது. பிறகு சொற்கள் போயின. முதலில் லொறி, அடுத்தது பால். ஒரு காலையில் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் ஈயம் என்றார்கள்.

எங்கிருந்து வந்ததென்று பார்க்க அதே மிஸ் வீட்டுக்கு வந்தார். குசினி, பாய், அத்தான் உடுத்தும் சாரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வாசலில் குனிந்தார்.

"இது எங்கத்த மண்?"

சொன்னேன்.

அவர் உடனே நிமிரவில்லை. "அண்டைக்கு அடுத்ததாக் காட்ட இருந்த படம் இதுதான் தம்பி. மண்ணும் தூசும். புகையோட நிண்டு போச்சு."

குரலில் கோபமே இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். எலும்பில் ஏறியது லேசில் இறங்காது, போன சொற்கள் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர். ஈரத்துணியால் நிலத்தைத் துடைப்பதும் பிள்ளையின் கையை அடிக்கடி கழுவுவதும் என் வேலையாயின. அத்தான் உருக்குவதை விட்டார். சட்டியையும் பெட்டியையும் ஹெந்தளையில் இருக்கும் தன் சித்தப்பா மகனுக்குக் கொடுத்தார். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"நான் போய்ச் சொல்லப்போறன்" என்றேன்.

"அவங்கட பொழப்புல கை வைக்காத மச்சான். போனா இந்த வீட்டுப் பக்கம் வராத" என்றார் அத்தான்.

பஸ் ஏறினேன். அங்கே சட்டி அடுப்பில் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் சின்னவள் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். தாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "போ தம்பி, உன்ட பகிடி எனக்குத் தெரியாதா? கல்யாண வீட்டுல மாப்பிளையயே அழ வச்ச ஆள் நீ."

"பகிடி இல்ல அக்கா. அந்த மணல அள்ளிப் போட்டது நான்தான்."

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது. "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"மாமா எண்டும் சொல்றான் இல்ல."

அவள் சின்னவளைத் தூக்கி, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.