ஹெலிச் சத்தம்

பாரிஸின் லா ஷப்பலில் இன்று தெருவோரம் யாரோ எறிந்துவிட்டுப் போன ஸ்பீக்கரில் தரமுத்திரை இன்னும் உரியாமல் இருந்ததைப் பார்த்தபோது, இப்போது சேலைக்கடையாகிவிட்ட சிவா அண்ணையின் வீடியோக் கடை நினைவுக்கு வந்தது. அவர் முத்திரைகளை நம்பமாட்டார். ஸ்பீக்கர் வாங்க வருபவரை நடுக்கதிரையில் இருத்தி, படமொன்றில் ஹெலிகொப்டர் பறக்கும் இடத்தைப் போடுவார், அந்தச் சத்தம் பின்னாலுள்ள ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தலைக்கு மேலால் வரும்போது சண்டைக்குள் வன்னியிலிருந்து வந்த சனம் குனியும், குனிந்தால் பெட்டி தரமானது, பிறகு எல்லோரும் சிரித்தபடி விலை பேசுவார்கள்.

நாங்கள் வாங்கப்போன அன்று, வன்னியில் கடைசிவரை இருந்துவிட்டு வந்த அம்மா கதிரையில் இருந்தார். ஹெலி வந்து போனது. அம்மா அசையவில்லை. அண்ணை எழும்பிப்போய் வயர்களைக் கழற்றி மாட்டினார்.

"பின்பெட்டி வேலை செய்யேல்லைப் போல, அக்கா."

"வேலை செய்யுது தம்பி," என்றார் அம்மா. "எனக்கு வடிவாக் கேட்டது."