மயக்கம் தெளிகிற அறை

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ‘எழுப்புற சிஸ்டர்’ என்றுதான் சொல்வார்கள். ஆபரேஷன் முடிந்தவர்கள் மயக்கம் தெளிகிற அறையில் பல வருஷமாக அவளுக்கு வேலை. பச்சைத் திரைகளின் வழியே வரும் வெளிச்சத்தில் அந்த அறை தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். ஆட்கள் மெல்ல மெல்ல மேலே மிதந்து வருவார்கள். பாதிக் கனவு நாக்கிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கணக்கு வாத்தியார் ஒருவர் அவளிடமே வீட்டுப்பாடம் கேட்டு அதட்டினார். அவள் யாரையும் திருத்தமாட்டாள். “மூச்ச நல்லா இழுத்து விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்” என்பாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள், “இன்னிக்கு யாரும்மா உளறினா?” என்று ஆரம்பித்துவிடுவாள்.

பிறகு பதவி உயர்வு வந்தது. நர்ஸ்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். தனி அறை, சுழல் நாற்காலி. யாருக்கு எந்த ஷிப்ட் என்று போடுவதும், லீவு கேட்டு வருகிறவர்களைச் சமாளிப்பதும்தான் வேலை.

“இனிமே மேடம்னுதான் கூப்பிடணும்போல” என்றார், தையல்கடை வைத்திருக்கும் கணவர். அவளுக்கும் பெருமைதான். நின்றே வேலை பார்த்து வந்த முழங்கால் வலிகூடக் குறைந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மகளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் மயக்கம் தெளிகிற அறைக்கு ஆள் குறைந்தது. வேறு யாரும் கிடைக்காமல் அவளே போனாள். கண் திறக்காத ஒரு பெண் அவள் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, பஸ்சு போயிடுச்சா?”

“இல்லம்மா, இன்னும் வரல.”

“வந்தா எழுப்பு.”

“கண்டிப்பா எழுப்பறேன்.”

திரை காற்றில் உப்பி அடங்கியது. மாடியில் அவள் போகவேண்டிய ஒரு மீட்டிங் காத்திருந்தது. அவள் நகரவில்லை.

மறுநாள் பெரிய டாக்டரிடம் போய், பழைய வேலையே வேண்டும் என்றாள்.

“கீழ இறங்கிப் போறேன்னு யாராவது கேப்பாங்களா சிஸ்டர்?”

“எனக்கு அது இறக்கமாத் தெரியல சார்.”

அவர் தலையைச் சொறிந்தார். வேறு ஆள் கிடைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கச் சொன்னார். அது கிட்டத்தட்ட ஒரு வருஷம் இழுத்தது.

இப்போது அவளைவிட இளையவள் ஒருத்தி அந்தச் சுழல் நாற்காலியில் இருக்கிறாள். பழைய அறையோடு முழங்கால் வலியும் அவளுக்குத் திரும்பிவிட்டது. போன வாரம் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை டியூட்டி போட்டதற்காக அந்தப் பெண்ணிடம் ஒரு பாட்டம் சண்டை போட்டு, பதில் லீவு வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தாள். அந்தக் கோபத்திலும் வேலையை விட்டுவிடலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.