வெள்ளை விழுந்த எலுமிச்சைக் கொப்பு

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் ட்ரிம்மர் இருந்ததுதான் வினை. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர் நான். பிசிறு நூல் வெட்டும் அந்தக் குட்டிக் கத்தரி இல்லாவிட்டால் எனக்குக் கையே ஓடாது. முதலிபாளையத்தில் எங்கள் வாசல் எலுமிச்சையில் ஒரே ஒரு கொப்பின் இலைகளில் மட்டும் வெள்ளைத் திட்டு. பச்சைத் துணியில் சாயம் பிடிக்காத பேட்ச் மாதிரி இருந்தது. அப்படி ஒன்றைக் கண்டால், பழுதைக் காட்டும் அம்புக்குறி ஆரோ ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்டில் போட்டே பழகியவள். ட்ரிம்மரால் நாலு கடி கடித்து, ஒடித்துக் குப்பைக்கூடையில் போட்டேன்.

சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் வந்தார். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தையலை விட்டவர். அந்த மரம்தான் அவருக்குப் பொழுது.

"ஏம்புள்ள, இங்கிருந்த வெள்ளைக் கொப்பு எங்க?"

"சீக்குப் புடிச்சிருந்துச்சுங்க, வெட்டிட்டனுங்க."

"சீக்கில்ல புள்ள. அதுவா நிறம் மாறுன கொப்பு. காயும் வரி வரியா வரும். நாலு மாசமாப் பாத்துட்டு இருந்தேன். இனி எங்கிருந்து வரப்போவுது?"

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவி மனுஷன்.

குப்பையைக் கிளறி எடுத்தேன். இலை வாடியிருந்தது, காம்படியில் இருந்த துளிர் மொட்டு காயவில்லை. "ஏனுங்க, ஒட்டுக் கட்டலாமுங்களா?"

"எனக்குப் பார்வை பத்தாது. நீதான் கட்டோணும்."

விதை போட்டு வளர்த்த மூன்று எலுமிச்சைக் கன்றுகள் தொட்டியில் இருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, புது பிளேடால் கன்றின் பட்டையை இங்கிலீஷ் 'டி' மாதிரி கீறினேன். மொட்டைப் பட்டையோடும் இலைக்காம்போடும் சீவி உள்ளே சொருகினேன். பனியன் போடும் பாலிபேக்கை நாடாவாக வெட்டி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி சுற்றினேன்.

மூன்றாவது வாரம் பார்த்தோம். இரண்டு கன்றில் காம்பு கறுத்து ஒட்டிக் கிடந்தது, மொட்டும் காய்ந்திருந்தது. மூன்றாவதைத் தொட்டேன், காம்பு கீழே விழுந்துவிட்டது. இதுவும் போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சிரித்தார்.

"தொட்டதும் காம்பு உதுந்தா மொட்டு புடிச்சிருச்சுன்னு அர்த்தம் புள்ள!"

சத்தெல்லாம் அதற்கே போகட்டும் என்று மொட்டுக்கு மேலே கன்றை வெட்டிவிட்டோம். துளிர் வந்தது. முதல் இலையின் ஓரம் வெள்ளை. அவர் அதை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்த பார்வைக்காகவே இன்னும் நூறு ஒட்டுக் கட்டலாம்.

செக்கிங்குக்குப் புதிதாக வரும் பெண்களிடம் இப்போது முதல் நாளே சொல்லிவிடுகிறேன்: "வித்தியாசமாத் தெரிஞ்சா ஸ்டிக்கரை ஒட்டிட்டு வந்து கேளு கண்ணு. கத்தரியை அப்புறம் எடு."

அந்தத் தொட்டியிலும் ஓர் ஆரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். அதைக் கண்டதும் அவர் பதறிப்போனார்.

"ஏம்புள்ள, இதுவும் ரிஜெக்டா?"

"இல்லீங்க, அது எனக்கு ஒட்டுனதுங்க. ட்ரிம்மரோட வந்தா அதப் பாத்து அங்கியே நிக்கோணுமில்லீங்க."