பாத்திரம் கழுவும் முறை

டாக்டர் டாரியா பாங்கிவ் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாப்பாட்டு மேஜையில் யார் நோய்ப் பேச்சை எடுத்தாலும் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டியது அவர்தான். பல்வலி, பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டுவலி, எதற்கும் விலக்கில்லை. கல்யாணமான புதிதில் கணவன் ஓரெஸ்ட் கடைவாய்ப் பல்லைப் பற்றி வாயைத் திறந்துவிட்டு மூன்று பானைகள் தேய்த்தான். பிள்ளைகள் வளர்ந்த காலத்தில், அண்ணனை மாட்டிவிடுவதற்காகவே தங்கை, "உனக்கு எங்கயாவது வலிக்குதா?" என்று பரிவாகக் கேட்பாள்.

சட்டம் வேடிக்கைக்காக வந்ததில்லை. கனடாவில், சாஸ்கச்சுவான் மாகாணத்தின் அந்தச் சிற்றூரில் டாரியாவின் அப்பாதான் நாற்பது வருஷம் டாக்டர். அவருடைய ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டு, சூடு ஆறாமலிருக்க, அடுப்புக்குள் மூடியே கிடக்கும். அவள் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்றும் யாருக்கோ பிரசவம் பார்க்கப் போய்விட்டார். "உங்கப்பா ஊருக்கு டாக்டர், இந்த வீட்டுக்கு விருந்தாளி" என்பாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் அந்தத் தட்டை எடுத்துச் சுரண்டிக் கழுவும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

அதனால் அதே ஊரில் டாரியா கிளினிக் திறந்த வாரம், பாதிரியார், "அப்பா மாதிரியே நீயும் தொண்டு செய்ய வந்துட்டே" என்று கையைப் பிடித்தபோது அவள் பட்டென்று சொன்னாள்:

"இல்ல ஃபாதர், வேலை செய்ய வந்திருக்கேன். தபால்காரர் மாதிரி. அஞ்சு மணி ஆனா பையைக் கழட்டி வெச்சிடுவேன்."

ஊர் முதலில் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது யாராவது சட்டைக் கையைச் சுருட்டிக் கட்டியைக் காட்டினால், "திங்கக்கிழமை கிளினிக்குக்குப் போன் பண்ணுங்க" என்று நகர்ந்துவிடுவாள். ஆனால் கிளினிக்கில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. ஆள் கதவைத் திறந்து நாற்காலிக்கு வருவதற்குள், நடையையும் கழுத்துப் பட்டியின் தொளதொளப்பையும் பார்த்தே பாதியைக் கண்டுபிடித்துவிடுவாள்.

போன குளிர்காலத்திலிருந்து ஓரெஸ்ட் சாப்பாட்டின் நடுவில், "டாரியா…" என்று இழுக்க ஆரம்பித்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு நான் கழுவறேன்."

சட்டென்று எழுந்து தட்டுகளை அடுக்குவான். வாரத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டு முறை. தானியக் கிடங்கில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிற மனுஷன். "முப்பது வருஷம் கழிச்சு என் புருஷன் திருந்திட்டான்" என்று டாரியா தோழிகளிடம் பெருமை பேசினாள். அவன் ஆணியால் பெல்ட்டில் புது ஓட்டை போட்டதையும் அவள் பார்த்தாள். "கேக்கை விட்டதும் இடுப்பு வந்துடுச்சு பாரு" என்று தட்டிக்கொடுத்தாள்.

அறுவடைக் காலத்தில் நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து சர்ஜன் போனில் கூப்பிட்டார். ஓரெஸ்ட் அவளிடம் சொல்லாமல் பக்கத்து ஊர் டாக்டரிடம் போயிருந்தான். அவர்தான் அங்கே அனுப்பியிருக்கிறார். குடலில் கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது.

"எட்டு மாசமா ரத்தம் போகுதாம் டாக்டர். எடை எப்பலேர்ந்து குறைய ஆரம்பிச்சுது?"

பெல்ட்டில் ஓட்டை போட்ட அந்த ஆணி மட்டும் டாரியாவின் கண்ணில் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் நெஞ்சில் தொப்பியை வைத்துக்கொண்டு கிடந்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல ஓரெஸ்ட்?"

"ரெண்டு மூணு தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. நாளெல்லாம் அதையே பாத்துட்டு வர்ற. வீட்லயாவது உன்ன விட்டு வைக்கலாம்னு…"

"அதுக்குத்தான் பாத்திரம் கழுவினியா?"

"பேச்சை எடுக்கப் பாத்தேன்ல. சட்டப்படி என் முறைதானே" என்று சிரித்தான். குத்திக்காட்ட அவனுக்கு எப்போதுமே தெரியாது. குத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வசந்தத்தில் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. கோஸ் உருண்டை, முட்டை சாண்ட்விச், காபி. டாரியாவுக்கு எதிரே ஓரெஸ்டோடு கிடங்கில் இருபது வருஷம் வேலை பார்த்த மைரன் உட்கார்ந்திருந்தார். ஓரெஸ்ட் மீன் பிடிக்கப் போய்ப் பனியில் பூட்ஸைத் தொலைத்த கதையை ஆரம்பித்தவர், பாதியில் மூச்சு வாங்கி நிறுத்தினார். டாரியா குனிந்து பார்த்தாள். அவருடைய ஷூவின் நாடா அவிழ்ந்து, ஷூ நாக்கு வெளியே தள்ளியிருந்தது.

"ஏன் நாடா கட்டல?"

"சும்மாதான் டாக்டர். திங்கக்கிழமை கிளினிக்குக்குப் போன் பண்றேன்."

"காலை இப்படி நீட்டுங்க."

"ஐயோ, இன்னிக்கா? நீங்க சாப்பிடுங்க."

"நீட்டுங்க மைரன்."

அவள் கறுப்பு உடையோடு தரையில் மண்டியிட்டு, காலுறையை இறக்கி, வீங்கிய கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது.

"எவ்ளோ நாளா?"

"ஈஸ்டர்லேர்ந்து."

"படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலகாணி வெக்கறீங்க?"

"மூணு."

"காலைல எட்டு மணிக்குக் கிளினிக்குக்கு வந்துடுங்க. நாளைக்கு."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே டாக்டர்."

"தெரியும். நெஞ்சு வலிச்சா எட்டு மணி வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே கூப்பிடுங்க."

நாலு கேள்வி. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அவள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, தன் தட்டையும் மைரனின் தட்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தொட்டியில் தட்டுகள் மலையாகக் கிடந்தன. கழுவிக்கொண்டிருந்த பெண்கள் பதறினார்கள்.

"நீ போய் உக்காரு டாரியா. இன்னிக்கு உன்ன யாரு கழுவச் சொன்னா?"

"மேஜையில பேசிட்டேன்" என்றாள் டாரியா. "என் முறை."

அவர்களுக்குப் புரியவில்லை. அவள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வெந்நீரைத் திறந்துவிட்டாள்.