உறையாத ஐஸ்கிரீம்

என் அக்காவிடம் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால்கூட, ‘ஏன் கேக்கிறே?’ என்பாள். பிறவிக் குணம். போதாக்குறைக்கு வேலையும் அப்படியே அமைந்துவிட்டது: துணி கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டில் அதையே சும்மா செய்வாள்.

ஆசைப்பட்டு ஒரு ஐஸ்கிரீம் மெஷின் வாங்கினாள். அதன் கனமான கிண்ணத்தை முதல் நாளே ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கிவிட வேண்டும். பிறகு பாலும் க்ரீமும் ஊற்றிச் சுற்றவிட்டால் ஐஸ்கிரீம். அவள் செய்தபோதெல்லாம் பால் பாலாகவே இருந்தது. கிண்ணத்தைக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். அதன் சுவருக்குள் இருக்கும் திரவம் உறையாமல் சளக் சளக்கென்றது.

“யாரோ பகல்ல வெளியே எடுக்கிறாங்கடி!”

யாரோ என்ன யாரோ, மாமனாரைத்தான் சொல்கிறாள். பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர்தான். அத்தான் பஸ் டிரைவர். மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து கொஞ்சம் படுப்பார், அவ்வளவுதான்.

“எனக்குப் பல்லு கூசும்மா. நான் ஐஸை எடுத்து என்ன பண்ணப் போறேன்?” என்றார் பெரியவர்.

“அப்ப கிண்ணம் தானா எந்திரிச்சு நடந்துச்சா?”

அவர் மகனைப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் தட்டைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பனைப் பேசுகிறாள், வாயில் பூட்டா போட்டிருக்கிறது இந்த மனுஷனுக்கு!

மகள் வீட்டோடு போய்விடுவதாக மாமனார் சொல்லிவிட்டார். “திருட்டுப் பட்டத்தோட இங்க சோறு இறங்காது.” அக்காவை ஒருநாள்கூட அதட்டாத மனுஷன். ரோஷக்காரர், போனால் திரும்ப மாட்டார்.

அக்கா விடுவாளா! “போறதுக்குள்ள கையும் களவுமா பிடிக்கிறேன்,” என்று வேலைக்குப் போவதுபோல் கிளம்பி, மாடியில் என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் கீழே ஃப்ரிட்ஜ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன்.

அடுப்படித் தரையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். பேன்ட்டை மேலே சுருட்டியிருந்தார். வீங்கிப்போன இடது முட்டியின் மேல் ஐஸ்கிரீம் கிண்ணம், துண்டால் கட்டியிருந்தது.

“என்னங்க இது?”

“கிளட்ச் மிதிச்சு மிதிச்சு ரொம்ப நாளா வலி. அடுத்த வாரம் டிப்போவில மெடிக்கல் செக்கப். வீக்கத்தைப் பாத்தா வண்டியிலிருந்து இறக்கிடுவாங்க.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“நீ நம்புவியா? வேலைக்குப் போகச் சோம்பல்னு சொல்லுவே. அப்பா பாத்துட்டாரு. நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னேன்.”

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. முன்னறைக்கு ஓடினாள். மாமனார் பையும் கையுமாக வாசலில் நின்றார். உள்ளே கொண்டுபோய் வைக்கத்தான் பையைப் பிடித்து இழுத்தாள். அவர் வேறு மாதிரி நினைத்துவிட்டார். பையைத் தரையில் வைத்து, ஜிப்பைத் திறந்து, விரித்துக் காட்டினார்.

“நல்லா பாத்துக்கம்மா. எல்லாம் என் சட்டைங்கதான்.”

“பாக்கல மாமா, பாக்கல…” பையின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அக்கா ஓவென்று அழுதாள்.