மதினி கழுத்து வில்லை

மதினியின் பித்தளை வில்லை இப்போது என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மலையடிவாரத்து நூல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு எண் பொறித்துக் கொடுத்த வில்லை. அதைக் காட்டினால்தான் வாசலில் உள்ளே விடுவார்கள். அவள் அதைக் கருப்புக் கயிற்றில் கோத்துத் தாலியோடு சேர்த்துப் போட்டிருந்தாள். நடந்தால் இரண்டும் உரசிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். வயதானால் இதெல்லாம் அடங்கிவிடும் என்பவர்கள் என்னை வந்து பார்க்கட்டும்.

கல்யாணமான மறுவருஷமே தாலியறுத்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள் நான். குத்தகை வயல் கைவிட்டுப் போய் அண்ணனும் காய்ச்சலில் படுத்துவிட்டபோது, வீட்டிலிருந்து ஒருத்தி ஆலைக்குப் போயே ஆகவேண்டும் என்றாகிவிட்டது. நான் போகிறேன் என்றேன். "அறுத்தவ ஆலைக்குப் போனா ஊரு காறித் துப்பும். அவ போவட்டும்" என்றாள் அம்மா. முக்கூடலிலிருந்து அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மதினி போனாள். நான் அவளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன்.

விடியுமுன் ஆலைச் சங்கு ஊதும். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் அவளுக்கு வேலை. பொழுது சாய்ந்து வரும்போது தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பூ வைக்கக் கூடாத என் தலைக்கு அந்தப் பஞ்சாவது கிடைக்கக் கூடாதா என்று இருக்கும். அவளோ சளசளவென்று பேசுவாள். எங்கள் தெருக்காரர்கள் எந்தத் தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்களோ அந்தத் தெருக்காரிகளோடு மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். "அதுல ஒருத்தி கொண்டாந்த கருவாட்டுக் கொழம்பு மாதிரி நீ ஜென்மத்துல வச்சதில்லளா" என்று சிரிப்பாள். நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன்.

அந்தச் சோற்று நேரத்தில்தான் ஆலைக்காரர்கள் கைவைத்தார்கள். நின்றுகொண்டே விழுங்கிவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்றார்கள். பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஆலைக்கு ஒரே வாசல். மற்றப் பக்கமெல்லாம் வாய்க்கால். நிறைமாதமாக இருந்த மதினி போய் அந்த வாசலில் குறுக்கே படுத்துவிட்டாள். பிள்ளைத்தாச்சியைத் தாண்டினால் தாண்டியவர் வம்சம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பஞ்சு வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டான். இவர்களுக்குப் பதிலாக வேலைக்குக் கூட்டிவந்த பெண்கள் தள்ளியே நின்றார்கள். மேஸ்திரியும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே, அவனும் தாண்டவில்லை.

அவன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். "ஒனக்கு ஏது வம்சம்? நீ தாண்டு. ஒன் பின்னால மத்தவளுக தன்னால வருவாளுக. வேல ஒனக்கு நெரந்தரம்" என்றான். அவன் சொன்னது சுட்டது. ஆனாலும் எழுந்து போனேன். அண்ணன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்காமல் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? எனக்கென்று ஒரு வில்லை வேண்டும்.

வாசலில் கூட்டம். எல்லார் கண்ணும் அவள் மேல். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டே போனேன். மதினி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"தாண்டுதியாளா? பைய தாண்டு, சேல தடுக்கிரும்" என்றாள். "நீயாவது உள்ள போ."

வைதிருந்தால் தாண்டியிருப்பேன். மண்ணில் கிடந்துகொண்டு எனக்கு வேலை தானம் கொடுக்கிறாள்! ஊர் முழுக்க அவளையே பார்க்க, நான் அவளைத் தாண்டி உள்ளே போய் யாருக்கும் தெரியாமல் சிட்டம் சுற்ற வேண்டுமா? விடுவேனா? அவள் பக்கத்தில் நானும் படுத்தேன். என்னைப் பார்த்து, தள்ளி நின்ற பெண்களில் ஒருத்தி வந்து படுத்தாள். பிறகு இன்னொருத்தி. கருவாட்டுக் குழம்புக்காரி என் தலைமாட்டில் படுத்தாள். அவள் கை என் தோளில் பட்டது. நான் விலகவில்லை.

சோற்று நேரம் திரும்பக் கிடைத்தது. சங்கு ஊத, எல்லாரும் வில்லையைக் காட்டி உள்ளே போனார்கள். என் முகத்தை மட்டும் மேஸ்திரி காவல்காரனிடம் காட்டி வைத்திருந்தான். கடைசிவரை எனக்கு வேலை இல்லை. பிறகு பாளையங்கோட்டை மிஷனில் படித்து ஆசிரியை ஆனேன். மதினியைவிட எனக்குச் சம்பளம் கூடுதல்தான். இருந்தாலும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட அங்கே எனக்கு யார் இருந்தார்கள்?

போன மாதம் மதினி போய்ச் சேர்ந்தாள். துஷ்டி கேட்க வந்தவர்களெல்லாம் ஆலை வாசலில் ஒருத்தி படுத்த கதையையே பேசினார்கள். பக்கத்தில் படுத்தவளைப் பற்றி ஒரு பேச்சில்லை. அன்றைக்கு அவள் வயிற்றில் இருந்த மகள் வில்லையை என் கையில் வைத்து, "அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னா, அத்தை" என்றாள். செத்தும் தானம்தான்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கழுத்தில் போட்டேன். அறைக்குள் நடந்து பார்த்தேன். உரசுவதற்குத் தாலி இல்லை. சத்தமே வரவில்லை.