மூன்றாவது ‘வா’

வியாழக்கிழமை காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு. வாசலில் நஞ்சப்பன் வந்து நின்றார். தலையில் கட்டியிருக்க வேண்டிய துண்டு கையில் இருந்தது. கடத்தூர் சாலையில் மாணிக்கம் அண்ணனின் நிலத்தை ஒட்டிப் பயிர் செய்கிறவர் அவர். காரணமில்லாமல் நாலு மைல் நடந்து தருமபுரிக்குள் வருகிற ஆள் அல்ல.

“ஆபீசுக்காரரு போயிட்டாருங்க” என்றார். மாணிக்கம் அண்ணனை அவர் அப்படித்தான் சொல்வார். “அவரைப் பந்தலுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தாரு. குடத்தக் கீழ வெச்சாரு, பக்கத்துலயே ஒக்காந்தாரு. நா கூப்டேன், திரும்பல.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரோடு கிளம்பினேன். ஒரு கன்னம் அப்படியே இருந்தது என்பதை மாலையில், எல்லாம் முடிந்து குளிக்கப் போகும்போது, ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ரிஜிஸ்தர் ஆபீசில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் அவருடைய கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேச வேண்டியதுதான். இருபது வருஷம் நகல் எழுதிய குமாஸ்தா. எழுதியதில் ஒரு அடித்தல் கிடையாது. ஆனால் நான் எழுத வந்தது அவருடைய குரலைப் பற்றி. இதில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அவர் எப்படி நகல் எடுப்பார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய பத்திரத்தில் வடக்கு என்று வரவேண்டிய இடத்தில் மேற்கு என்று இரண்டு முறை எழுதியிருந்தது. நான் அதை நகலில் திருத்திவிட்டுப் பெருமையாக அவரிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நகல்னா மூலத்துல இருக்கிற தப்பும் இருக்கணும் தம்பி. அதத் திருத்த நாம யாரு?” என்றார். எனக்கு அவரைவிட நாலு வயதுதான் குறைவு, ஆனாலும் தம்பிதான். திருத்துகிற புத்தி மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலம் வாங்கப்போகிறேன் என்று அவர் சொன்னபோது ஆபீஸே சிரித்தது. பரம்பரையில் யாரும் ஏர் பிடித்ததில்லை. “ஊராரு நெலத்துக்கெல்லாம் நாலு எல்ல எழுதியே கை ஓஞ்சு போச்சு. ஒரு தடவையாச்சும் நடுவுல என் பேரு வரட்டுமே” என்றார். இரண்டு ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு, ஒரு சிறிய ஓட்டு வீடு. அந்தப் பத்திரத்துக்கு நகல் எழுதியவன் நான்தான். மனைவி தனலட்சுமி அண்ணியையும் ஒரே மகள் சரசுவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனார். ஆபீசுக்கு சைக்கிள். சனிக்கிழமைகளில் நானும் தொற்றிக்கொள்வேன்.

முதல் வருஷம் அவர்கள் ராகி நட்டதைப் பார்க்க நஞ்சப்பன் வீட்டிலிருந்து சனம் திரண்டு வந்தது. அண்ணன் ஒரு முனையில் நூல் பிடிக்க, அண்ணி மறுமுனையில் பிடிக்க, சரசு நூலோரமாக நாற்றை வைத்துக்கொண்டே போவாள். கோடு போட்ட காகிதம்போல ஒரு வயல். “இது ராகிங்களா, பத்திரமுங்களா?” என்று நஞ்சப்பன் கேட்டார். ஆனால் விளைந்தது. களியும் கொள்ளுக் குழம்புமாக நாங்கள் நாலு பேரும் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாட்டை நான் மறக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு வாய்க்கும் “நம்ம ராகி” என்றார். அண்ணி கடைசியில், “ஒவ்வொரு வாய்க்கும் முத்திர குத்தணுங்களா?” என்று கேட்டுவிட்டார்.

பிறகு ஒரு கிடேரிக் கன்று வந்தது. சாம்பல் நிறம், மயிலை என்று பெயர். அது சரசுவின் விளையாட்டுத் தோழி ஆகிவிட்டது. புல் வைப்பது அவள், குளிப்பாட்டுவது அவள், மேய்ச்சலிலிருந்து கூப்பிடுவது அவள். கன்று வளர்ந்து பசுவாகி ஈன்ற பிறகும் அவள் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தால்தான் அண்ணி அதன் மடியில் கை வைக்க முடியும். பேச்சு நின்றால் பாலும் நிற்கும். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம். நஞ்சப்பன் மட்டும் சிரிக்கவில்லை. “ஒரே ஆளுக்கு மாட்டப் பழக்காதீங்க. எங்க வூட்டுல தெனமும் ஆள மாத்துவோம். நாளைக்குப் புள்ள கல்யாணமாயிப் போனா மாட்டையும் கூடவே அனுப்புவீங்களா?” என்றார். அண்ணன், “அனுப்பிட்டாப் போச்சு” என்றார். பிழைப்புக்காக மாடு வளர்க்கிற யாரும் செய்யாத தவறு அது. ஆசைக்காக வளர்த்த நாங்கள் செய்தோம்.

அவள் கூப்பிடுவதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். பொழுது சாயும் நேரம். வேலி ஓரத்தில் ஒரு கல் மேல் ஏறி நின்று, “மயிலே...” என்று நீட்டுவாள். அப்புறம் மூன்று ‘வா’. முதல் இரண்டும் கொஞ்சலாக இருக்கும். மூன்றாவது மட்டும் சண்டைக்கு வருகிற மாதிரி வெடுக்கென்று வந்து நடுவில் உடையும். எங்கே இருந்தாலும் அந்த மூன்றாவது ‘வா’வுக்கு மயிலை தலையைத் தூக்கும். அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருக்கும் அண்ணி, “வந்துருச்சா?” என்று கேட்பார். “வந்துருச்சு!” என்று வெளியிலிருந்து பதில் வரும். தினமும் இதே மூன்று பேச்சு. அந்த வீட்டில் விளக்கேற்றுவதற்கு அதுதான் மணி.

யுத்தம் தொடங்கிய வருஷம் ஐப்பசியில் சரசுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள். எட்டு வயது. அதற்குமேல் அதை எழுத என்னால் முடியவில்லை.

சாவு வீட்டில் மனிதர்கள் சொல்லி அழுதுவிடுகிறார்கள். மாட்டுக்கு யார் சொல்வது? மயிலை பொழுது சாய்ந்தும் வீடு வரவில்லை. வயலின் கோடியில் புளியமரத்தடியில் வேலியைப் பார்த்து நின்றது. கயிறு போட்டு இழுத்து வந்தால் காலைத் தூக்கியது, பால் சுரக்கவில்லை. கன்று கத்திக்கொண்டே இருந்தது. அண்ணி கூப்பிட்டார், நஞ்சப்பன் கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து அண்ணன் ஆபீசுக்கு வரத் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து அண்ணியிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். வெளியில் சரசு கூப்பிட்டாள்.

“மயிலே... வா, வா, வா!”

என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது. எழுந்துபோய்ப் பார்த்தேன். அந்தக் கல்லின் மேல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு கையையும் வாய்க்கு இருபுறமும் வைத்திருந்தார். மூன்றாவது ‘வா’ அதே இடத்தில் உடைந்தது. திருத்தமே இல்லாத நகல். புளியமரத்தடியிலிருந்து மயிலை தலையைத் தூக்கி, நேராக அவரிடம் நடந்து வந்தது. வந்து அவர் கையை முகர்ந்துவிட்டு, அவருக்குப் பின்னால் யாரையோ தேடியது.

உள்ளே திரும்பினேன். அண்ணியின் கையில் களி கிண்டும் துடுப்பு நின்றிருந்தது. உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. பிறகு மறுபடியும் கிண்டத் தொடங்கினார்.

பத்து நாளாக இது நடக்கிறது என்று நஞ்சப்பன் என்னிடம் சொன்னார். “எங்க வூட்டுப் பொம்பளைங்க பொழுது சாஞ்சா இந்தப் பக்கம் வெறகு பொறுக்க வர்றதில்லீங்க. காதுல கேக்குதுங்களே, என்ன பண்றது?” என்றார். எனக்கும் அன்று சைக்கிளில் திரும்பும்போது முதுகு கூசிக்கொண்டே இருந்தது. கேட்டது அவர் குரல் என்று தெரியும். தெரிந்தும் கூசியது.

அடுத்த வீட்டு நியாயத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிற வியாதி எனக்குப் பிறவியிலேயே உண்டு. திங்கட்கிழமை அவர் மேஜை அருகே போய்ச் சொன்னேன்: “அண்ணா, மாட்டுக்காகத்தான் செய்றீங்க, ஒத்துக்கறேன். ஆனா உள்ள அண்ணி இருக்காங்க. தெனமும் செத்த புள்ள கொரல் கேட்டா பெத்தவ எப்படித் தாங்குவா? நான் பாத்தேன், அவங்க அழறாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அத நான் நெனச்சே பாக்கலயே தம்பி” என்றார். வெகுநேரம் அந்தப் பேனாவை அவர் எடுக்கவில்லை.

அடுத்த சந்தைக்கு மயிலையையும் கன்றையும் கடத்தூருக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வந்தார். கூட நானும் போனேன். வாங்கியவர் கயிற்றை இழுத்ததும் மயிலை நின்று திரும்பிப் பார்த்தது. ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். ராகி நட்டார்கள், அவரை போட்டார்கள், மா வைத்தார்கள். யுத்தத்தில் ரேஷனுக்கு ஊரே வரிசையில் நின்றபோது எனக்கும் ஒரு மூட்டை ராகி சைக்கிளில் வந்தது. வெளியே பார்க்க எந்தக் குறையும் இல்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அந்த வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்காது. அண்ணன் வயலின் கோடிக்குப் போய் ஏதாவது வேலை தேடிக்கொள்வார். அண்ணி பாத்திரங்களைச் சத்தமாக உருட்டுவார். ஒருவருக்கொருவர் பேசுவார்கள், தண்ணீர் வேண்டுமா, விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்பதற்கு மேல் இல்லை. கல் மட்டும் வேலி ஓரத்தில் கிடந்தது. யாரும் அதை நகர்த்தவும் இல்லை, அதன் மேல் உட்காரவும் இல்லை. காயம் ஆறுகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். என்னால்தான் ஆறுகிறது என்றுகூட ஒரு பெருமை இருந்தது.

அண்ணன் போன மூன்றாம் நாள் பால் தெளிக்க நஞ்சப்பன் வீட்டிலிருந்துதான் பால் வந்தது. எல்லாரும் போன பிறகு அண்ணி அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்தார். அழவில்லை. நெடுநாள் மடித்து வைத்திருந்ததை எடுத்து விரிப்பதுபோல மெதுவாகப் பேசினார்.

“அவரு மேல எனக்கு ஒரே ஒரு கோவம் இருந்துச்சுங்க. கடைசி வரைக்கும் கேக்காமயே விட்டுட்டேன். மயிலய ஏன் சந்தைக்கு ஓட்டுனாருன்னு. அந்தக் கொரலு கேட்டுக்கிட்டு இருந்த வரைக்கும் புள்ள வேலியோரத்துல நிக்கறான்னே இருந்துச்சு. நெதமும் அதுக்காகக் காத்திருப்பேன். ‘வந்துருச்சா’ன்னு கேக்கணும்னு வாயத் தொறப்பேன். சத்தம் வராது. நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு இருந்தேன். கேட்டிருந்தா அவரு பதிலு சொல்லியிருப்பாரு, அவ கொரல்லயே. அதுக்குள்ள மாட்ட ஓட்டிட்டாரு. புள்ளைய மறக்கத்தான் ஓட்டுனாருன்னு நெனச்சேன்.”

நான் அன்று பார்த்த உதட்டசைவு அதுதான். அழுகை என்று படித்துவிட்டேன். எழுதியிருந்ததை அப்படியே விடாமல் திருத்தியும்விட்டேன்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். எட்டு வருஷம் அவர் சொல்லாமல்தானே இருந்தார்? என் பெயரை அவர் ஒரு நாளும் எடுக்கவில்லை. அதனாலேயே சொன்னேன். “நான்தான் அண்ணி நிறுத்தச் சொன்னேன். நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொன்னேன். அவரு உங்களுக்காகத்தான் ஓட்டுனாரு.”

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “எனக்காகவா?” என்றார். பிறகு இன்னொரு தடவை, வேறு குரலில், “எனக்காகவா ஓட்டுனாரு” என்றார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அண்ணன் செத்து மூன்றாம் நாள், அப்போதுதான் அழுதார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்: “அந்தக் கொரலு உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்களா?”

“இருக்குது அண்ணி.”

“ஒரு தடவ கூப்டுங்க.”

போய் அந்தக் கல்லின் மேல் ஏறினேன். ஐம்பதை நெருங்குகிறவன், நரைத்த தலை, கம்மிய தொண்டை. கூச்சமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. கைகளை வாய்க்கு இருபுறமும் வைத்தேன். “மயிலே...” என்று நீட்டினேன். இரண்டு ‘வா’ எப்படியோ வந்தது. மூன்றாவது தானாக உடைந்தது. அது சரசுவின் குரல் இல்லை. அதற்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. சரசுவைப் போலக் கூப்பிடும் மாணிக்கம் அண்ணனின் குரல் அது. எனக்கே அது கேட்டது.

புளியமரத்தடியில் எதுவும் தலையைத் தூக்கவில்லை. மரத்தின் நிழல் மட்டும் வேலி வரை வந்திருந்தது.

அவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொண்டேன் என்று ஆபீசில் கேட்டீர்கள். அவருடைய பேனாவை யாரோ எடுத்துக்கொண்டார்கள், நல்லது. எனக்கு இந்த மூன்று ‘வா’ போதும். சனிக்கிழமைகளில் போகிறேன். அண்ணி கேட்டால் கூப்பிடுகிறேன். முதல் நாள், கல்லிலிருந்து இறங்கக் காலை எடுத்தபோது, அடுப்படியிலிருந்து எட்டு வருஷம் வராத சத்தம் வந்தது.

“வந்துருச்சா?”

வெறும் வயலைப் பார்த்துக்கொண்டே, “வந்துருச்சு” என்றேன்.